தலாக் என்னும் சொல்

கூட்டாளியோடு பிணக்கு வந்தால், "அவரைத் தலாக் விட்டாச்சு" என்று நம் கடைத்தெருவில் சிலர் வேடிக்கையாகச் சொல்லுகின்றனர். கணக்கு முடிக்கப் 'பைசல்' என்ற சொல் நம்மிடம் உண்டு. அதுவும் அரபு வழி வந்ததே. அப்படியிருக்க, நிக்காஹ்வுக்குரிய சொல்லைச் சந்தைக்கு ஏன் இழுக்க வேண்டும்?

தலாக் என்றால் அறுத்தல் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. அதன் மூலத்துக்குக் கட்டவிழ்த்தல், போகவிடுதல் என்பதே பொருள். கயிறு அவிழ்த்து மேயவிட்ட பெண் ஒட்டகத்தை அரபிகள் 'தாலிக்' என்பர். ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது மன்னித்து விடப்பட்ட குறைஷிகளுக்குத் 'துலகா', அதாவது விடுவிக்கப்பட்டோர் என்று பெயர். மலாய்க்காரர், முழுமையான, வரம்பற்ற என்ற பொருளில் 'முத்லாக்' என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்லே.

அவிழ்த்த கட்டை மறுபடி கட்டவும் மார்க்கம் இடம் வைத்திருக்கிறது. கூடி வாழ்ந்த மனைவிக்கு முதல் தலாக்கிலும் இரண்டாவதிலும், இத்தா முடியுமுன் கணவன் அவளை மீட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கு இத்தா பிரசவம் வரை. மூன்றாவது தலாக்குக்குப் பின் மீட்கும் வழி இல்லை. ஆத்திரத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டுகிறவன் தனக்கிருந்த தவணையையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறான். தவணையின் அருமை வியாபாரிக்குத் தெரியாதா?

சொல்லிலும் வகையுண்டு. 'தலாக்' என்பது ஸரீஹ், வெளிப்படையான சொல். மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டு, "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றால் நமது மத்ஹபுகளில் அது ஏற்கப்படாது. "உன் தாய்வீட்டுக்குப் போ" என்பது கினாயா, மறைமுகச் சொல். பொதுவாக அது சொன்னவனின் நிய்யத்தைப் பொறுத்தது. இத்தகைய வழக்குகளைச் சிங்கப்பூரில் ஷரீஅத் நீதிமன்றம் 1958 முதல் விசாரித்து வருகிறது. மலேசியாவில், கூட்டரசுப் பிரதேசத்தின் 1984-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி, நீதிமன்ற அனுமதியின்றி வெளியே தலாக் சொல்வதே குற்றம்.

ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே கடை நடத்துவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது. அதற்கு 3 ஆண்டுவரை சிறையும் உண்டு. வாயால் சொன்னாலும், கடிதத்தில் எழுதினாலும், கைப்பேசியில் அனுப்பினாலும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான்.