ஏரிக்கு வரும் சிறகிகள் குறைவது ஏன்?

ஐப்பசி மழை பிடித்து ஏரிகளில் நீர் ஏறியதும் வடக்கேயிருந்து சிறகிகள் வந்து இறங்கும். மாசிக் கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் வந்த வழியே திரும்பிவிடும். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிப் பாசனம் செய்யும் பெரியவர்களைக் கேட்டால், தங்கள் சிறு வயதில் ஏரி உள்வாய் கறுத்துக் கிடக்கும் அளவுக்கு வாத்து இறங்கியதாகச் சொல்வார்கள். இப்போது அதே ஏரியில் கலங்கல் வரை நீர் நின்றாலும் சில வருடங்களில் பத்துப் பதினைந்து பறவைகளைக் காண்பதே அரிதாக இருக்கிறது.

"வேட்டைக்காரர்கள் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள்" என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் உள்ளானும் சிறகியும் சுடுவது துரைமார்களுக்கு வழக்கமான பொழுதுபோக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதை விடவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட, உரிமம் பெற்றுச் சிறு பறவைகளை வேட்டையாட வழி இருந்தது. 1991-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வேட்டை உரிமம் அடியோடு நிறுத்தப்பட்டது.

ஆக, சட்டப்படியான வேட்டை நின்று முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. துப்பாக்கி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இதற்குள் சிறகிகள் பழையபடி பெருகியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தகவல் கிடைத்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துவிட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறைந்துவரும் கூட்டங்களில் வலசை வாத்துகளும் அடங்கும். எனவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

எந்த வாத்து, எங்கிருந்து?

நம் ஏரிகளில் காணும் எல்லாமே வெளியூர்ப் பறவைகள் அல்ல. புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் இங்கேயே குஞ்சு பொரித்து இங்கேயே வாழ்பவை. மழைக்காலத்தில் வந்து போகிறவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, கிளுவை முதலியவை. இவற்றில் தமிழ்நாட்டுக்கு அதிகமாக வருவது நீலச்சிறகியே. எடை ஒரு பறவைக்குச் சுமார் 350 கிராம்தான். அந்தச் சிறு உடம்பை வைத்துக்கொண்டு சைபீரியா, கசகஸ்தான் போன்ற பகுதிகளிலிருந்து இமயத்தைத் தாண்டி இங்கு வந்து சேருகிறது. முட்டையிடுவதெல்லாம் அங்கேதான். இங்கே வருவது நான்கைந்து மாதம் வயிறு நிறையத் தின்று, திரும்பிப் பறக்கும் பலத்தைச் சேர்த்துக்கொள்வதற்காக.

அதற்கு ஆழமான நீர் உதவாது. இந்த வாத்துகள் முழுக்குப் போடுவதில்லை. தலையைக் கீழே கவிழ்த்து, வாலை மேலே நிமிர்த்தி, எட்டிய மட்டும் சேற்றைத் துழாவும். முழங்காலளவு நீரே இவற்றுக்கு ஏற்றது. சேற்றில் கிடக்கும் கோரை விதை, புல் விதை, சிறு நத்தை, புழு ஆகியவையே உணவு. பகலில் தொல்லையின்றித் திறந்த நீர்ப்பரப்பில் கூட்டமாக ஓய்வெடுத்துவிட்டு, இருட்டிய பிறகு நெல் வயல்களுக்கும் ஏரி ஓரங்களுக்கும் பிரிந்து சென்று மேயும். ஆழமில்லாத நீர், விதை நிறைந்த சேறு, பகலில் அமைதி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூட்டம் வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

தியாகராய நகர் ஏரியாக இருந்தது

சென்னை நகருக்குள் துணி வாங்க வரும் விவசாயி தியாகராய நகரில் நிற்கும்போது தாம் ஓர் ஏரியின் உள்வாயில் நிற்பதாக நினைப்பதில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோடுக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய நீர்ப்பரப்புக்கு நெட்டேரி என்று பெயர். 1893-ல் வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். 1923-லிருந்து அதை வடித்துத் தூர்த்து மனைகளாக்கினார்கள். சர் பிட்டி தியாகராயர் பெயரில் புது நகர் எழுந்தது. மிஞ்சிய நீர்ப்பரப்பும் பிறகு படிப்படியாக மறைந்தது. இன்று மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயரும், நுங்கம்பாக்கத்தில் ஏரிப்பகுதி என்ற பெயரும் மட்டும் இருக்கின்றன. பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. வாத்துக்குப் பெயர் போதாது.

அடையாறு முகத்துவாரத்தின் கதை வேறு. அங்கே நீர் இருக்கிறது. ஆனால் நகரத்தின் சாக்கடை கலந்த நீர். 58 ஏக்கர் உப்பங்கழியைச் சீர்செய்து 2011-ல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது நல்ல காரியமே. எனினும் ஆறு முழுதும் அழுக்கைச் சுமந்து வரும்போது ஒரு மூலையைத் துப்புரவு செய்வதால் கிடைக்கும் பலனுக்கு ஓர் எல்லை உண்டு. மட்கும் கழிவு மிகுந்து, காற்று கலக்காமல் தேங்கும் வெப்ப நீரில் பறவைகளைக் கொல்லும் ஒருவித நச்சுக் கிருமி பெருக வாய்ப்புண்டு. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் அந்த நச்சினால் மடிந்தன.

பள்ளிக்கரணைக் கழுவெளி

நகரின் தெற்கே வாத்துகளுக்குக் கடைசியாக மிஞ்சியுள்ள பெரிய இடம் பள்ளிக்கரணை. வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம், பெரும்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகைநீர் எல்லாம் இங்கே வந்து பரவி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். மேலே உள்ள ஏரிகளின் கீழ் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. ஆயக்கட்டு முழுதும் வீட்டு மனையான பிறகு மதகைக் கவனிப்பார் இல்லை. ஏரியைக் காக்க ஆள் இல்லாமல் போயிற்று. விவசாயி வெளியேறிய இடத்தில் ஏரி நெடுநாள் நிலைத்ததாகச் சரித்திரம் இல்லை.

கழுவெளியின் நடுவே துரைப்பாக்கம் சாலை போடப்பட்டது. பெருங்குடிப் பக்கம் நகரின் குப்பை வருடக்கணக்கில் கொட்டப்பட்டது. ஓரங்களில் பெரிய கட்டடங்கள் வந்தன. முன்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் நிலத்தில் 317 ஹெக்டேர் 2007-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டு இதனுடன் கரிக்கிலியும் வேடந்தாங்கலும்கூடப் பட்டியலில் இடம்பெற்றன.

பள்ளிக்கரணையில் பூநாரைகள் வந்து நிற்பதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். பூநாரை உவர்நீரில் பாசியையும் நுண்ணுயிர்களையும் சலித்துத் தின்னும் பறவை. அதற்கு ஒத்துவருவது சிறகிக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. மேலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் சுற்றுப்புறமும் மூழ்கியபோது, கழுவெளி சுருங்கியதால் இழப்பு பறவைக்கு மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் விளங்கியது.

வடக்கே நடப்பது

இங்கே நாம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், பறவை பிறக்கும் இடத்திலும் வழியில் தங்கும் இடத்திலும் நீர் வற்றினால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்ற மாபெரும் உள்நாட்டுக் கடல் இருந்தது. அதில் விழும் அமு தரியா, சிர் தரியா என்ற இரு ஆறுகளின் நீரையும் 1960-களிலிருந்து பருத்திப் பாசனத்துக்குத் திருப்பியதில் அந்தக் கடலின் பெரும்பகுதி மணல்வெளியாகிவிட்டது. அது வலசைப் பாதையில் இருந்த தங்குமிடம்.

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு எதிர்மாறானது. 1930-களின் கடும் வறட்சியிலும், சதுப்பு நிலங்களை வடித்து உழுததிலும் அங்கு வாத்துகள் வெகுவாகக் குறைந்தன. 1934-ல், வாத்து வேட்டைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்துத் தனி முத்திரை வாங்க வேண்டும், அந்தப் பணத்தில் சதுப்பு நிலம் வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். 1991-ல் வாத்து வேட்டையில் ஈயக் குண்டைத் தடை செய்தார்கள். கோழியைப் போல வாத்தும் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டைக் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் சாகும். 2019-ல் வந்த ஓர் ஆய்வின்படி, 1970-லிருந்து வட அமெரிக்காவில் மற்றப் பறவைகள் பெரும்பாலும் குறைந்தபோது வாத்து இனங்கள் 56 சதவீதம் கூடியிருக்கின்றன. அங்கே வேட்டை இன்றும் நடக்கிறது! நாம் வேட்டையை நிறுத்தினோம், நீரைக் காக்கவில்லை. அவர்கள் வேட்டைக்கு அளவு வைத்து நீரைக் காத்தார்கள்.

கிராமத்து ஏரியில் கவனிக்க வேண்டியவை

2017-ல் தொடங்கிக் குடிமராமத்து என்ற பெயரில் ஏரிகள் தூர் வாரப்பட்டன. வேலை அவசியமானதே. ஆனால் சவுடு மண்ணுக்காக இயந்திரம் வைத்துச் செங்குத்தாகப் பள்ளம் வெட்டுவதைத் தூர் வாருவது என்று சொல்ல முடியாது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர், கிணறுகளுக்கு ஊற்றெடுக்க உதவலாமே தவிர, மதகு வழியாக வயலுக்கு வராது. கரையோரம் ஆழமாகவும், உள்வாய் பக்கம் படிப்படியாகச் சரிந்து ஆழம் குறைந்தும் இருப்பதுதான் ஏரியின் இயல்பான அமைப்பு. அந்தச் சரிவில்தான் மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும், சிறகி மேயும். ஏரியைத் தொட்டியாக்கினால் இரண்டும் போய்விடும்.

ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் வாத்து இறங்காது. பாசனத்துக்கும் அது எதிரி, மதகை அடைக்கும். பரவிய பின் அகற்றுவது பெருஞ்செலவு. ஆகவே ஓரத்தில் நாலு செடி தலைகாட்டும்போதே பிடுங்கிக் கரையேற்றிக் காயவிடுவது நலம். உள்வாயில் மண்டும் வேலிக்காத்தானுக்கும் இது பொருந்தும்.

மீன் குத்தகைக்காரர்கள் இரவில் நைலான் வலையைக் கட்டிவிட்டுப் போவதில் வாத்துகள் சிக்கிச் சாகின்றன. நாற்றங்காலைக் காப்பதாக எண்ணிச் சிலர் நெல்லில் குருணை மருந்து கலந்து வைப்பதும் உண்டு. இது சட்டப்படி குற்றம் என்பதோடு, செத்த பறவையைத் தின்னும் நாய்க்கும், எடுத்துச் சமைக்கும் ஏழைக்கும் ஆபத்து. கார்போஃபியூரான் குருணை பறவைகளைக் கொத்தோடு கொல்வது உலகமெங்கும் அறியப்பட்டது. 2023-ல் மத்திய அரசு அதன் உறையிட்ட 3 சதவீதக் குருணையைத் தவிர மற்ற வடிவங்களுக்குத் தடை விதித்தது.

சிறகி நெல்லைத் தின்னாதா என்று கேட்டால், தின்னும். விதைத்த நாற்றங்காலில் நீர் தேங்கி நின்றால் இரவில் இறங்கும். நாற்றங்காலில் முதல் சில நாட்கள் நீரை வடித்து ஈரம் மட்டும் வைத்திருந்து, குறுக்கே மினுங்கும் நாடாக்களைக் கட்டினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வளர்ந்த பயிரின் தண்டைக் கடித்துச் சாய்ப்பது பெரும்பாலும் நீலத் தாழைக்கோழி. அந்தப் பழி வாத்தின் தலையில் விழுந்துவிடுகிறது.

வேடந்தாங்கல் கணக்கு

மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் விவசாயிகள் இந்த வரவு செலவை இருநூறு வருடங்களுக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஏரியில் வந்து பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு ஒப்புக்கொண்டு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. எச்சம் கலந்த ஏரி நீர் தழைச்சத்து மிகுந்தது என்பதும், அது பாயும் வயலுக்கு உரம் குறைவாக இட்டால் போதும் என்பதும் அந்த ஊர்க்காரர்கள் அனுபவத்தில் கண்டது. அங்கே கூடு கட்டுபவை பெரும்பாலும் நாரை, நீர்க்காகம், கூழைக்கடா வகைகள். சிறகிகள் கூடு கட்டாமல் நீரில் மட்டும் தங்கிச் செல்பவை என்றாலும், எரு சேர்ப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளை முன்னிட்டுத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

அறுவடை முடிந்த வயலிலும் இதே லாபத்தை எடுக்கலாம். கலிஃபோர்னியாவில் வைக்கோல் தாளை எரிக்க 1991-ல் சட்டம் கட்டுப்பாடு விதித்தபோது, நெல் விவசாயிகள் அறுத்த வயலில் நீரைக் கட்டித் தாளை மட்க விட்டார்கள். வாத்துகள் இறங்கிச் சேற்றை மிதித்துத் துழாவியதில் தாள் விரைவாக மட்கியது, களை விதையும் சிந்திய நெல்லும் வாத்தின் வயிற்றுக்குப் போயின. நம் பக்கத்தில் தை மாதம் சம்பா அறுத்தபின் நவரைக்கு ஏரியில் நீர் மிஞ்சும் வருடங்களில், உழுவதற்கு முன் இரண்டு வாரம் முழங்காலுக்குக் கீழான நீரை வயலில் நிறுத்திப் பார்க்கலாம். நீர் குறைந்த வருடத்தில் இது வேண்டாம்; பயிருக்குத்தான் முதலிடம்.

காலில் உலோக வளையம் மாட்டிய வாத்து எங்காவது இறந்து கிடக்கக் கண்டால், அதை வெறுங்கையால் தொடாமல், வளையத்தில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பிழையின்றிக் குறித்துக்கொண்டு, நாள், ஊர், ஏரியின் பெயர் ஆகியவற்றுடன் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கோ, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ தெரிவிக்கலாம். பறவை எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண்ணைக் கொண்டு கண்டுபிடிக்க முடியும்.