மக்கள் தீர்ப்பு: எத்தனை வாக்குகள் போதும்?

மாணவர்களே, "பாதிக்கு மேல் 'ஆம்' என்றால் மக்கள் தீர்ப்பு நிறைவேறும்" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். அது அரைகுறை விடை. மீதி, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 85(3)ஆம் உறுப்புரையில் உள்ளது.

செல்லுபடியான வாக்குகளில் அறுதிப் பெரும்பான்மை 'ஆம்' என இருத்தல் வேண்டும். ஆனால் செல்லுபடியான வாக்குகளின் மொத்தம், இடாப்பில் பதிவான வாக்காளர் தொகையின் மூன்றில் இரண்டை விஞ்சாவிடின், இன்னொரு நிபந்தனையும் சேரும். 'ஆம்' வாக்குகள் பதிவான வாக்காளரில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

திம்புள்ளயில் ஒரு தோட்டத்தில் 900 வாக்காளர் உள்ளனர் எனக் கொள்வோம். செல்லுபடியான வாக்குகள் 580; ஆம் 295, இல்லை 285. வென்றது 'ஆம்' தானே என்பீர்கள். இல்லை. 580 என்பது 600ஐத் தாண்டவில்லை. ஆகவே 300 தேவை. ஐந்து வாக்குகள் குறைவு. வீட்டில் இருந்துவிட்டவர்களும் கணக்கில் வருகிறார்கள் என்பதைக் கவனிக்குக.

இலங்கையில் நடந்த ஒரேயொரு தேசிய மக்கள் தீர்ப்பு 1982 டிசம்பர் 22இல் இடம்பெற்றது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைப் பொதுத் தேர்தலின்றி மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்பதே கேள்வி. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம் சின்னம். புதிய விகிதாசார முறையில் தேர்தல் வைத்தால் தமது ஆறில் ஐந்து பெரும்பான்மை போய்விடும் என்பது ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு நன்கு தெரியும்.

பதிவான வாக்காளர் 8,145,015
ஆம் 3,141,223 (54.66%)
இல்லை 2,605,983 (45.34%)

செல்லுபடியான வாக்குகள் 5,747,206. மூன்றில் இரண்டு 5,430,010. எல்லை தாண்டப்பட்டதால் சாதாரண பெரும்பான்மையே போதுமாயிற்று. யாழ்ப்பாண மாவட்டத்தில் 90 வீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் 'இல்லை' என விழுந்தன. எனினும் மக்கள் தீர்ப்பில் முழு நாடும் ஒரே தொகுதியாகவே எண்ணப்படும். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது.

இந்த 81 இலட்சத்தில் யார் இல்லை என்பது உங்களுக்கு நெருக்கமான விடயம். 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரில் பலர் அன்றும் இடாப்பில் இல்லை. உங்கள் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு எல்லாமே இடாப்பிலிருந்து கணிக்கப்படுபவை. இடாப்பில் இல்லாதவர் 'ஆம்' பக்கத்திலும் இல்லை, 'இல்லை' பக்கத்திலும் இல்லை. இக்குறை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலும் நீங்கியது.

முடிவை ஏற்பது பற்றியும் வினா வரலாம். ஸ்கொட்லாந்தில் 1979இல் தனிச் சபைக்கு 51.6% 'ஆம்' என்றனர். மொத்த வாக்காளரில் 40% வேண்டும் என முன்கூட்டியே விதித்திருந்தார்கள்; கிடைத்தது 32.9%. சபை அமையவில்லை. ஆதரவாளர் மனம் கசந்தாலும் காத்திருந்து, 1997இல் மீண்டும் வாக்கெடுப்பு வந்தபோது 74.3% பெற்றனர். (நமது விதிப்படியும் 1979 முடிவு தோல்விதான். கணக்கிட்டுப் பாருங்கள்.)

1982இன் நிலை வேறு. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆள்மாறாட்டம், மிரட்டல் பற்றி எதிர்க்கட்சிகள் முறையிட்டன. எனவே விடையில் "சட்டப்படி செல்லும்" என்பதையும் "சுதந்திரமாக நடந்தது" என்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். முதலாவதற்கு எண்கள் போதும். இரண்டாவதற்குப் போதா.

பயிற்சி: பதிவான வாக்காளர் 12,000. ஆம் 3,900, இல்லை 3,700. நிறைவேறுமா? காரணம் தருக.