குழாயிலா, மாட்டுக்குள்ளா?

அன்புக் கண்ணு,

அசிக்ளோஃபெனாக் மருந்தை நாயின் பிளாஸ்மாவில் கலந்து அளந்தால் கலந்த அளவு அப்படியே வருகிறது, எலியின் பிளாஸ்மாவில் பாதிகூடத் தேறவில்லை, அளக்கும் கருவிக்குச் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பொறு. நம் ஊர் சாயப்பட்டறையில், லேப் டிப்பில் ஒத்துவந்த ஷேடு வேறு லாட் துணியில் மாறினால் முதலில் துணியைத்தானே பார்ப்பார்கள்? நீயும் பிளாஸ்மாவைப் பார்.

அசிக்ளோஃபெனாக் ஓர் எஸ்டர். அதை வெட்டினால் கிடைப்பது டைக்ளோஃபெனாக். எஸ்டரை வெட்டும் கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற நொதி எலி, முயல், பூனை பிளாஸ்மாவில் நிறைய உண்டு. புலிக்கும் உண்டாம், அதற்கு யார் ரத்தம் எடுத்தார்களோ! மனிதர், நாய், குரங்கு பிளாஸ்மாவில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆகவே எலியின் ரத்தத்தை ஊசியில் எடுத்த பிறகும் குழாய்க்குள் மருந்து சிதைந்துகொண்டே இருக்கும்.

சோதிப்பது எளிது. வெறும் எலி பிளாஸ்மாவில் மருந்தைக் கலந்து ஒரு பங்கை மேசையிலும் ஒரு பங்கை ஐஸிலும் வை. ஐஸில் வைத்ததில் சோடியம் ஃபுளோரைடும் சேர். அரை மணி கழித்து இரண்டையும் அளந்து பார். மேசையில் இருந்ததில் மட்டும் அசிக்ளோஃபெனாக் இறங்கி டைக்ளோஃபெனாக் ஏறியிருந்தால் குற்றவாளி நொதிதான். இரண்டு பங்கிலும் ஒரேபோல் குறைந்தால், வெறும் எலி பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து முடித்த சாற்றில் மருந்தைக் கலந்து அளந்து பார். அப்போதும் குறைந்தால் பெரும்பாலும் பிளாஸ்மாவின் பாஸ்போலிப்பிடுகள் கருவியில் மருந்தின் அயனியாக்கத்தை அமுக்குகின்றன. கருவியின் காலம்னை இன்னும் நன்றாகக் கழுவ வேண்டும். சரியாக வந்தால் பிரித்தெடுப்பதில்தான் இழப்பு. எதுவானாலும் எலியின் அளவுக்கோட்டை மாட்டுக்குப் போடாதே. ஒவ்வொரு விலங்குக்கும் அதன் பிளாஸ்மாவிலேயே தனிக்கோடு வரை.

இது வெறும் பரிசோதனைக்கூட விவகாரம் இல்லை. டைக்ளோஃபெனாக் ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடுத்தது. அசிக்ளோஃபெனாக் தொடர்ந்து விற்பனையில் இருந்தது. அது மாட்டின் உடலுக்குள்ளேயே டைக்ளோஃபெனாக் ஆகிறது என்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. எருமையிலும் அப்படியே என்று 2022இல் தெரிந்தது. அசிக்ளோஃபெனாக்குக்கும் கீட்டோப்ரோஃபென் என்ற இன்னொரு மருந்துக்கும் 2023 ஜூலையில்தான் தடை வந்தது. மாற்றம் குழாயில் நடந்ததா, மாட்டுக்குள் நடந்ததா என்று பிரித்துக் காட்டாத அளவீட்டை யாரும் தூக்கி எறிந்துவிடலாம். காங்கயம் மாட்டுக்குப் போடும் ஊசிக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கும் நடுவில் இப்படி ஒரு ரத்த மாதிரிக் குழாய் நிற்கிறது.

இன்ஜினியருக்குப் போன் போடுவதற்கு முன் அந்த ஐஸ் சோதனையைச் செய்து, இரண்டு மருந்துகளின் அளவையும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா