மண்ணுளிப் பாம்பை அடைத்து வளர்க்கலாமா?

பள்ளிபாளையம் வட்டார உழவர்களுக்கு மண்ணுளிப் பாம்பு புதியதன்று. நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் மேட்டுநிலத்தை உழும்போது மண்ணோடு புரண்டு வெளிவரும். வால் மழுங்கித் தலைபோல் தோன்றுவதால் 'இருதலை மணியன்' என்றும் அழைக்கிறோம். இதற்கு விஷம் இல்லை. இளகிய மண்ணில் புதைந்திருந்து எலிகளைச் சுற்றி நெரித்துத் தின்னும். முட்டையிடாமல் குட்டி போடும்.

இப்பாம்பு பெரும் விலைக்குப் போகும், தொட்டி கட்டி வளர்த்தால் இலாபம் என்று ஆசை காட்டுவோர் உண்டு. நம்பாதீர்கள். இதற்கு மருந்துக் குணமோ, புதையல் காட்டும் சக்தியோ கிடையாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும், அடைத்து வைப்பதும், விற்பதும் குற்றம். கொடுத்த முன்பணமும் போய், சிறை செல்லவும் நேரிடும்.

அனுமதி பெற்றுப் பாம்பு வைத்திருப்போரும் உள்ளனர். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் வைத்து விஷம் எடுப்பர். பாம்புக்கடி மருந்துக்கு அதுவே மூலப்பொருள். பரம்பரை அனுபவமுள்ள அவர்களே சில வாரங்களில் பாம்புகளைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே, பாம்புக்குத் தொட்டி தேவையில்லை. அது வாழ உங்கள் நிலத்திலேயே இடம் கொடுத்தால் போதும். அதற்குச் செய்ய வேண்டியவை:

1. வேலியோரம் சிறு துண்டு நிலத்தை உழாமல் விட்டு, கல்லும் சருகும் கிடக்க விடுங்கள். விஷப்பாம்பும் அங்கு தங்கலாம். எனவே வீடு, மாட்டுக் கொட்டகை, நடைபாதை ஆகியவற்றிலிருந்து அது தள்ளியே இருக்கட்டும்.

2. அந்தப் பக்கம் எலி விஷம் வைக்காதீர்கள். விஷம் உண்ட எலியைத் தின்னும் பிராணிகளும் மடியலாம்.

3. கிழிந்த நைலான் வலைகளை வரப்பில் போடாதீர்கள். பாம்புகள் சிக்கி இறக்கும்.

4. உழவில் பாம்பு தென்பட்டால் நிறுத்தி வழிவிடுங்கள்.

மண்ணுளி என்று எண்ணி எதையும் கையால் எடுக்காதீர்கள். மண்ணுளியில் புள்ளியுள்ள இனம் ஒன்று கண்ணாடி விரியனைப் போலவே இருக்கும். இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்வோர் விளக்கும் காலணியும் இன்றிச் செல்லலாகாது. கடிபட்டால் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மண்ணுளி விற்பனைச் சரக்கு அன்று. கூலி கேட்காமல் எலி பிடிக்கும் வேலையாள்.