கைக்குழந்தைக்கு வஸ்திரம்



சரீரத்தைச் சேர்ந்த தயையின் கிரியைகள் ஏழில் மூன்றாவது எது என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டால், வஸ்திரமில்லாதவர்களுக்கு வஸ்திரம் கொடுப்பது என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த வஸ்திரத்தில் கைக்குழந்தையின் டயப்பரும் அடங்குமா என்று கேட்டால் சிரிப்பார்கள். அடங்கும் என்பதே இவ்வாரப் பாடம். இடையர்களுக்குச் சம்மனசானவர் சொன்ன அடையாளமும் துணிகளில் சுற்றப்பட்ட பாலனன்றோ?

2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அது ஆகமன காலத்தின் முதல் வாரம். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்ததும் அதே முதல் வாரத்தில்தான். இப்படிப்பட்ட நாட்களில் அரிசியும் ரொட்டியும் போர்வையும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். கைக்குழந்தைக்குக் கட்ட உலர்ந்த துணி இல்லையே என்று தாய் தவிப்பதோ வெளியே தெரியாது.

"நாங்களெல்லாம் டயப்பரிலா வளர்ந்தோம்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பழைய வேஷ்டியைக் கிழித்த துணியின் மென்மை எந்தக் கடைச் சரக்கிலும் இல்லை. ஆனால் அதற்குக் கிணற்றடி வேண்டும், முற்றத்து வெயில் வேண்டும், கூடவே ஒரு பாட்டியும் வேண்டும். ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து, பெரும்பாக்கத்து எட்டு அடுக்குக் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கு இவற்றில் எது உண்டு? அடைமழையில் துணி மூன்று நாளானாலும் உலராது.

டயப்பர் ஒன்று ஏறக்குறைய பத்து ரூபாய். பிறந்த சிசுவுக்கு நாளொன்றுக்கு எட்டாவது மாற்றவேண்டும். 2025 செப்டம்பரில் இதன்மேலிருந்த ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது நல்லதே. என்றாலும் தினக்கூலிக்காரருக்கு அது இன்னும் பாரந்தான். ஆகையால் ஒன்றையே காலைமுதல் மாலைவரை விட்டுவைக்கிறார்கள். தோல் சிவந்து புண்ணாகிறது. குழந்தை இராமுழுதும் அழுகிறது. தூக்கமில்லாத தாய் மறுநாள் வேலைக்குப் போவதெப்படி? அரிசி இல்லையென்று கேட்டாலும் கேட்பாள். இதைக் கேட்க அவளுக்கு வாய் வராது.

1833-ல் பாரீஸ் நகரத்தில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தோழர்களோடு தொடங்கிய ஒசானாம் அப்போது இருபது வயது மாணவர். ஏழைகளை அவரவர் வீட்டிலேயே சந்திப்பதுதான் அச்சபையின் வழக்கம். நமது பங்குச் சபையாரும் அவ்விதமே வீடுகளுக்குப் போய், குழந்தையின் எடையை விசாரித்து எழுதிக்கொள்வார்கள், பெயர்கள் அறிவிக்கப்படமாட்டா.

எடை எதற்கென்றால், டயப்பரின் அளவு கிலோக் கணக்கில்தான் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும். கொடுப்பவர்கள் பெரும்பாலும் மிகச் சிறிய அளவையே ஆசையாய் வாங்குகிறார்கள். குழந்தையோ ஓரிரு மாதத்தில் அதைத் தாண்டிவிடுகிறது. பிறகு இரண்டு வயது வரையில் நடுத்தர அளவும் பெரிய அளவுமே வேண்டியிருக்கும். உங்கள் பிள்ளைக்குப் பற்றாமல் மிஞ்சிப்போனவை சுத்தமாயிருந்தால் கொண்டுவாருங்கள். துவைத்த பருத்தித் துணியும் நல்லதே. கறைபட்டு நைந்த துணிகளைத் தயவுசெய்து கொண்டுவரவேண்டாம். நம் பிள்ளைக்குக் கட்டாததை அவர்கள் பிள்ளைக்கு ஏன் கட்டவேண்டும்?

உபயோகித்த டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் துப்புரவுப் பணியாளரிடம் தனியே கொடுக்கும்படி, வாங்கிக்கொள்ளும் வீட்டாருக்கும் சொல்லவேண்டும். அடைபட்ட கால்வாய் யார் வீட்டுக்குள் தண்ணீரை அனுப்பும் என்பதை முடிச்சூர்க்காரர்கள் நன்கு அறிவார்கள்.

பாலன் குடில் கட்டுமிடத்தின் அருகே வருகிற ஞாயிறு முதல் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கும்.