கூட்டுக் குதிப்பில் பிரிந்து விலகும் முறை

விமானத்திலிருந்து குதித்த பலர், பாராசூட்டை விரிப்பதற்கு முன் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு வட்டமாகவோ வேறு வடிவமாகவோ இணைந்து விழுவது கூட்டுக் குதிப்பு எனப்படும். இதில் இணைவதைவிடப் பிரிவதே மிகுந்த கவனத்தைக் கோருகிறது; வயிறு கீழ்நோக்கிய நிலையில் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும் ஒருவர், பாராசூட் விரிந்து வேகம் தணிந்துவிட்ட மற்றொருவர்மீது மோதினால் இருவர் உயிருக்குமே ஆபத்து. ஆகவே குறித்த உயரத்தில் அனைவரும் கைகளை விடுவித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக விரைந்து விலகி, போதிய இடைவெளி கிடைத்த பின்னரே பாராசூட்டை விரிக்கின்றனர். கைகளை விடுவிக்கும் கட்டம் பிரேக்-ஆஃப் என்றும், உடலையே இறக்கையாக்கிக் கிடைமட்டமாக விரைவது டிராக்கிங் என்றும் வழங்கப்படுகின்றன.

முதல் வேலை தரையிலேயே முடிய வேண்டும். குழுவில் யார் மிக உயரத்தில் பாராசூட்டை விரிக்கப் போகிறாரோ அந்த உயரத்திலிருந்து மேல்நோக்கிக் கணக்கிட்டே பிரேக்-ஆஃப் உயரம் முடிவுசெய்யப்படுகிறது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரைப்படி, ஐவர் வரையிலான குழு அந்த உயரத்துக்குக் குறைந்தது 1,500 அடி மேலேயும், ஆறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள குழு குறைந்தது 2,000 அடி மேலேயும் பிரிய வேண்டும். 1,500 அடி என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் அந்த வேகத்தில் எட்டு அல்லது ஒன்பது வினாடிகளில் கடந்துபோகும். அதிலும் திரும்புவதற்கும் இறுதியில் வேகத்தைக் குறைத்துச் சைகை காட்டுவதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்தால், உண்மையில் விலகிச் செல்வதற்கு ஐந்து வினாடி மிஞ்சுவதே அரிது.

அடுத்து, ஒவ்வொருவரும் எத்திசையில் செல்வார் என்பதைத் தரையில் நடந்து பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். வேகத்தைவிடத் திசையே முக்கியம் என்பதை எளிய வடிவியல் காட்டிவிடுகிறது. நால்வர் நான்கு திசைகளில் 50 மீட்டர் சென்றால் பக்கத்தில் இருப்பவரோடு 70 மீட்டர் இடைவெளி கிடைக்கும். எண்மர் அதே தொலைவு சென்றால் 38 மீட்டர்தான் கிடைக்கும். அந்த எண்மரில் அடுத்தடுத்த இருவர் ஒருவரையொருவர் நோக்கி 15 பாகை மட்டும் வழுவினாலும் அது 13 மீட்டராகச் சுருங்கிவிடும். எவ்வளவு விரைவாகச் சென்றாலும் தவறான கோட்டில் செல்பவர் பாதுகாப்பை ஈட்டுவதில்லை.

பிரேக்-ஆஃப் உயரம் வந்ததும், வடிவம் முழுமை பெறாவிட்டாலும், சைகை தரவேண்டியவர் தராவிட்டாலும், ஒவ்வொருவரும் தம் உயரமானியை (ஆல்டிமீட்டர்) நம்பிப் பிரிய வேண்டும். தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் உயரமானி துணைக்கருவியே தவிர, கண்ணுக்கு மாற்றாகாது. கைகளை விட்டவுடன், நடுப்பகுதிக்கு நேர் எதிர்த்திசையில் 180 பாகை முழுவதும் திரும்பி முடித்த பிறகே விரையத் தொடங்க வேண்டும். பாதி திரும்பிய நிலையிலேயே விரைபவர் பக்கத்தில் இருப்பவரின் பாதையில் குறுக்கிடுவார். திரும்பியதும் தொடுவானத்தில் ஓர் அடையாளத்தைத் தேர்ந்துகொண்டால் கோடு பிறழாது.

விரையும்போது கால்கள் முழுவதும் நீண்டு, பாத விரல்கள் பின்னோக்கிக் கூர்ந்திருக்க, கைகள் உடலின் இருபுறமும் பின்னோக்கி நீண்டு, உள்ளங்கைகள் கீழ்நோக்க வேண்டும். வேகம் பிடித்ததும் தோள்களை முன்னோக்கிச் சுருட்டி, நெஞ்சைச் சற்று உள்வாங்கி, இடுப்பின் வளைவை நிமிர்த்தினால் உடலின் அடிப்புறம் காற்றைக் குழித்துப் பிடிக்கும். விழும் வேகம் குறைந்து, செல்லும் தொலைவு கூடும். தலையை அளவுக்கு மீறித் தாழ்த்துவதே புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. அப்போது காதில் காற்று உரக்க இரைவதால் விரைவாகச் செல்வதாகத் தோன்றுமே தவிர, உயரம் வீணாகி, இடைவெளி சிறிதே கிடைக்கும்.

செல்லும்போது முன்னும் கீழும் இருபுறமும் பார்த்துக்கொண்டே இருப்பது அவசியம். கீழே இருப்பவரைக் காண்பது மேலே இருப்பவருக்கே எளிது என்பதால் கீழிருப்பவருக்கே முன்னுரிமை. அவருக்கு நேர் மேலே வந்துவிட்டவர் சிறிதளவு திசை மாறி விலக வேண்டும். வடிவத்துக்குக் கீழே தங்கிவிட்டவர் எக்காரணத்தாலும் அதன் அடியில் நுழையாமல், இருக்கும் மட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும்.

விரிக்கும் உயரத்துக்குச் சற்று முன், கைகால்களை அகட்டி முன்னோக்கிய வேகத்தைத் தணிப்பது இன்றியமையாதது. தணிக்காமல் விரித்தால் பாராசூட் உடலைக் கடுமையாக உலுக்கும். பின், தலைக்கு மேலே கைகளைக் குறுக்காக இரண்டு மூன்று முறை அசைத்து மேலிருப்பவர்களை எச்சரித்து, சுற்றிலும் பார்த்து, விரிக்க வேண்டும். இடைவெளி போதவில்லை என்று கருதி, திட்டமிட்ட உயரத்தைத் தாண்டிக் கீழே போவது கூடாது: தொலைவுக்காக உயரத்தை விலையாகக் கொடுப்பவர் ஓர் ஆபத்தை நீக்க அதனினும் பெரிய ஆபத்தை வாங்குகிறார்.

விரிந்த பாராசூட் எத்திசை நோக்கும் என்பது யார் கையிலும் இல்லை. ஒவ்வொன்றும் வினாடிக்கு 10 மீட்டர் முன்னேறுவதாகக் கொண்டால், எதிரெதிராகத் திரும்பிய இருவருக்கிடையே உள்ள 38 மீட்டர் இரண்டு வினாடிக்குள் தீர்ந்துவிடும். எனவே விரிந்தவுடன் கைப்பிடிகளைத் தேடிக்கொண்டிராமல், தோளிலிருந்து மேலேறும் பின்பட்டைகளான பின் ரைசர்களைப் பற்ற வேண்டும். நேர் எதிரே ஒருவர் வந்தால் இருவரும் வலப்புறம் திரும்புவதே பொதுவிதி.

குழு பெரிதாகும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பிரிய இயலாது. 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் இணைந்து உலகச் சாதனை நிகழ்த்தினர்; அத்தகைய பெருங்குழுக்களில் வெளி வளையத்தினர் முதலில், உயரத்திலேயே பிரிந்து நெடுந்தொலைவு செல்ல, உள்ளிருப்பவர்கள் அடுத்தடுத்த அலைகளாக விலகுகின்றனர். இங்கே தம் அலையினரோடு ஒரே மட்டத்தில் சேர்ந்து பறப்பதும் திறமையின் பகுதியே.

இத்திறன்களைத் தகுதிபெற்ற பயிற்றுநரின் துணையோடு தனிக் குதிப்புகளில் பழகுவதே முறை. அப்பயிற்சியில் விமானம் பறக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக விலகிச் செல்ல வேண்டும். கோட்டின் வழியே சென்றால் முன்னரோ பின்னரோ குதித்த குழுவினரின் வானத்துக்குள் நுழைய நேரும் என்பதால், எப்பக்கம் செல்லப் போகிறார் என்பதை அதே விமானத்தில் வரும் மற்றவர்களிடம் ஏறுவதற்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும்.