தன்லியின் பாலம் மேசைக்கு வருமா? மாடல் ரயில் சாஃப்ட்வேரில் ஒரு பாடம்



இந்த வார எபிசோடில் மாடல் ரயில் சாஃப்ட்வேர் பற்றி மேலோட்டமாகத்தான் பேச முடிந்தது. சில கணக்குகளைக் காதால் கேட்டால் மண்டையில் ஏறாது. அதனால் இங்கே எழுதிக் காட்டுறேன். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வச்சுக்கோங்க.

"பொம்மை ரயிலுக்கும் நம்ம துறைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் எம்ஐடி-யில் 1946-இல் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினாங்க. மேசைக்கு அடியில் சிக்னல் வயரிங் செய்துகொண்டிருந்த மாணவர்களில் பலர்தான் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போனாங்க. 'ஹேக்' என்ற சொல்லுக்கு இன்றைய அர்த்தம் வந்ததில் அந்த கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நமக்கான பயிற்சி: யாங்கோனையும் தன்லியினையும் இணைக்கும் பாகோ ஆற்றுப் பாலம். சுமார் 1.8 கிலோமீட்டர் நீளம். நடுவில் ஒற்றை ரயில் பாதை, இரண்டு பக்கமும் சாலை. சாஃப்ட்வேர் உங்க இஷ்டம். எக்ஸ்ட்ராக்கேட் இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஸ்கார்ம், எனிரெயில் இரண்டும் பழகுவதற்கு எளிது. கீழே உள்ள கணக்கு எல்லாவற்றுக்கும் பொது.

படி 0: எந்த வருஷம்?

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னாடியே இதை முடிவு பண்ணணும். ஏன்னா இந்தப் பாலம் திறந்தது 1993-இல். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி 1960-களில், கடைகளும் தொழில்களும் தேசியமயமான பிறகு, கப்பலேறி மெட்ராஸ் வந்தவங்க. அவங்க நினைவில் இருக்கிற ஊரின் பெயர் தன்லியின் இல்லை, சிரியம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்த ஊர். ரங்கூனிலிருந்து அங்கே போக ஆற்றைப் படகில்தான் கடக்கணும்.

ஆக, பாட்டி சொன்ன ஊரை மாடலாகச் செய்யப் போறீங்கன்னா பாலம் வரக் கூடாது, படகுத்துறைதான் வரணும். இன்றைய ஊரைச் செய்தால் பாலம் வரும், ஆனால் அது பாட்டிக்குத் தெரியாத ஊர். இரண்டையும் கலந்தால் பார்க்க அழகா இருக்கும், ஆனால் அப்படி ஒரு ஊர் எந்த வருஷத்திலும் இருந்ததில்லை. இந்தப் பாடத்துக்கு 1993-க்குப் பிறகான காலத்தை எடுத்துக்குவோம்.

படி 1: அளவு விகிதம்

மியான்மர் ரயில்கள் மீட்டர் கேஜ். அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். எழும்பூர் - தாம்பரம் மின்சார ரயிலும் 2004 வரை இதே கேஜில்தான் ஓடியது. வீட்டில் கேட்டுப் பாருங்க.

கடையில் அதிகம் கிடைக்கும் 16.5 மி.மீ. மாடல் பாதை 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்காக 1:87 விகிதத்தில் செய்தது. அதை அப்படியே வாங்கினால் நம்ம ரயில் அகலக்கால் வச்சு நிற்கும். வகுத்துப் பாருங்க:

- 1000 ÷ 87 = 11.5. இதற்கு 12 மி.மீ. பாதை வேணும். கிடைக்கும், ஆனால் விலை அதிகம்.
- 1000 ÷ 120 = 8.3. இதற்கு, சுலபமாகக் கிடைக்கும் 9 மி.மீ. 'என்' பாதையே போதும்.

நாம 1:120 எடுத்துக்குவோம். சாஃப்ட்வேரில் பாதை நூலகத்தில் 'என்' என்று தேர்வு பண்ணுங்க. கட்டடம், பெட்டி அளவுகளை மட்டும் 120-ஆல் வகுத்துப் போடுங்க.

படி 2: இடம்

1800 மீட்டர் ÷ 120 = 15 மீட்டர். எந்த ஃபிளாட்டிலும் இடம் இருக்காது. நம்மிடம் இருப்பது எட்டுக்கு நாலு பிளைவுட், அதாவது சுமார் 2.4 × 1.2 மீட்டர்.

முதலில் வளைவைக் கணக்குப் போடுங்க. 20 மீட்டர் நீளப் பெட்டி என்று வைத்தால் மாடலில் 17 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கணும் என்பது பழகியவர்களின் கைவிதி. ஆக 50 செ.மீ. ஆரம், 1 மீட்டர் விட்டம். பலகையின் அகலத்துக்குள் அடங்கிடும். இரண்டு முனையிலும் வளைவு போனால் நடுவே நேர்ப்பாதைக்கு 1.4 மீட்டர் மிஞ்சும். அதில் பாலத்துக்கு 1.2 மீட்டர், அதாவது உண்மையில் 144 மீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

இங்கேதான் ரசனை வேலை செய்யணும். முழுப் பாலத்தையும் நசுக்கிச் சின்னதாக்காதீங்க. ஒவ்வொரு கண்ணியும் சரியான அளவில் இருக்கட்டும், கண்ணிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைங்க. நீளம் குறைந்ததைக் கண் மன்னிச்சிடும். பெட்டியை விடக் குட்டையான கண்ணியை மன்னிக்காது.

படி 3: ஏற்றம்

ஆற்றுக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் பாலம் வேணும். மாடல் எஞ்சின் சிரமமில்லாமல் ஏற 2 சதவீதச் சரிவு நல்லது. 10 ÷ 0.02 = 500 செ.மீ. ஒரு பக்கம் ஏறவே 5 மீட்டர்! நம்ம பலகையே 2.4 மீட்டர்தான்.

தீர்வு ரொம்ப எளிது: பாதையை ஏத்தாதீங்க, ஆற்றை இறக்குங்க. பாதை முழுக்கச் சமதளமாகவே இருக்கட்டும். ஆறு வரும் இடத்தில் பிளைவுட்டை வெட்டி, 10 செ.மீ. கீழே இன்னொரு பலகை வையுங்க. பார்ப்பவருக்கு ரயில் உயரத்தில் போவது போலத்தான் தெரியும்.

படி 4: வளையமும் ஷார்ட் சர்க்யூட்டும்

ஒற்றைப் பாதையில் பாலத்தைக் கடந்த ரயில் திரும்பி வரணுமே? முனையில் ஒரு வளையம் போட்டு அதே பாதையில் சேர்த்துவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். வரைந்தால் அழகா இருக்கும். கரண்ட் கொடுத்தால் ஷார்ட் அடிக்கும். இரண்டு தண்டவாளமும் பிளஸ், மைனஸ் என்று இரண்டு வயர் மாதிரி. பாதை சுற்றிவந்து தன்னோடேயே சேரும்போது பிளஸ் போய் மைனஸைத் தொடும்.

இது நம்ம கிராஃப் பாடம்தான், இருநிறச் சோதனை:

1. ஓர் இடத்தில் தொடங்குங்க. ஒரு தண்டவாளம் சிவப்பு, மற்றது நீலம்.
2. இணைப்புகள் வழியாகப் பரவுங்க. கிளை பிரியும் இடத்தில் இரண்டு கிளைக்கும் நிறத்தைக் கொண்டுபோங்க.
3. ஏற்கெனவே நிறம் பூசிய துண்டுக்கு மாற்று நிறத்தோடு வந்து சேர்ந்தால் அங்கே ஷார்ட்.

"ரயில் போகும் வழியை மட்டும் சோதித்தால் போதாதா?" போதாது. மூன்று பாதைகள் சேரும் முக்கோணச் சந்திப்பை எடுத்துக்குங்க. ரயில் பின்னோக்கி நகராமல் அங்கே திசை மாற முடியாது. அதனால் வழி தேடும் அல்காரிதம் எந்தச் சிக்கலையும் காட்டாது. ஆனால் நிறம் பூசிப் பார்த்தால் மோதல் இருக்கும். ஒரே வரைபடத்துக்குள் இரண்டு கிராஃப் இருக்கு: ரயிலுக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று.

சரிசெய்ய, வளையத்தின் இரண்டு முனையிலும் இரு தண்டவாளத்தையும் வெட்டித் தனிப் பகுதியாக்கணும். அந்தப் பகுதி நீளமான ரயிலையும் முழுசாக உள்ளே விடும் அளவு இருக்கணும். ரயில் உள்ளே இருக்கும்போது துருவத்தை மாற்ற ஒரு சுவிட்ச் வேணும். டிஜிட்டல் கண்ட்ரோல் வைத்திருந்தால் தானாக மாற்றும் கருவி கடையில் கிடைக்கும்.

வீட்டுப்பாடம்

ஒன்று: பாலத்தின் இரண்டு பக்கமும் வளையம் வைத்து வரைந்து, எத்தனை இடத்தில் தண்டவாளத்தை வெட்டணும் என்று எண்ணுங்க.

இரண்டு: பாலம் இல்லாத சிரியத்தை வரையுங்க. பாதை எங்கே போகுது என்பதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பார்த்துக்கலாம். படகுத்துறையில் இறங்கினதும் என்ன இருந்தது, நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் குடியிருந்தாங்க, கோயிலுக்கு எந்த வழியா நடந்தாங்க என்பதெல்லாம் எந்த மேப்பிலும் இல்லை. அந்த டேட்டா வீட்டில் மூத்தவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு, அதற்கு பேக்கப்பும் கிடையாது. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "ஆச்சி, படகிலிருந்து இறங்கினா வலது பக்கம் என்ன?" என்று கேளுங்க. கை நடுங்கினாலும் அவங்களையே கோடு போட விடுங்க.

அந்தத் தாளை ஸ்கேன் பண்ணி சாஃப்ட்வேரில் பின்னணிப் படமாக வையுங்க. அதற்கு மேலே பாதை போடத் தொடங்குங்க.

அடுத்த வாரம்: கம்ப்யூட்டரில் ஜேஎம்ஆர்ஐ வைத்து சிக்னலை இயக்குவது எப்படி?